திரையில் வரப்பு கட்டுவது: டிகின்டர் கிரிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் மாலை நேரத்தில் பத்துப் பதினைந்து பேருக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். பகலில் சுற்றுவட்டாரத்து உரக்கடை, அரிசி ஆலைகளுக்குச் சின்னச் சின்ன பில் மென்பொருள் எழுதுவது பிழைப்பு. பைத்தானில் ஜன்னல், பட்டன் கொண்ட திரை செய்ய உதவுவது டிகின்டர். வகுப்பில் அதைத் தொடங்கிய மூன்றாம் நாள் கிரிட் வரும்; நான்காம் நாளிலிருந்து ஒரே கேள்விகள் வருடா வருடம் வரும். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரோ என்பதை வரிசை என்றும் காலம் என்பதைப் பத்தி என்றும் சொல்கிறேன். காலம் என்று எழுதினால் பாதிப் பேர் கடிகாரத்தை நினைக்கிறார்கள்.

கிரிட் என்றால் என்ன? பேக் இருக்கும்போது அது எதற்கு?

ஜன்னலுக்குள் லேபிள் (எழுத்தைக் காட்டுவது), என்ட்ரி (தட்டி நிரப்பும் பெட்டி), பட்டன் போன்ற உறுப்புகளை விட்ஜெட் என்பார்கள். எது எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய டிகின்டரில் மூன்று வழிகள் உண்டு: பேக், கிரிட், பிளேஸ். பேக் ஒன்றன்கீழ் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கத்திலோ அடுக்கும். பிளேஸில் இத்தனை பிக்சல் தள்ளி என்று நாமே இடம் சொல்ல வேண்டும். கிரிட், திரையை வரிசை பத்தியாகப் பிரித்து, "வரிசை 2, பத்தி 1-இல் போய் உட்கார்" என்று சொல்ல விடும்.

டிகின்டர் என்பது டிகே என்ற பழைய கருவித்தொகுப்பைப் பைத்தானிலிருந்து கூப்பிடும் வழிதான். டிகேயை எழுதியவர் ஜான் ஆஸ்டர்ஹவுட். அதில் பேக் முதலில் இருந்தது, கிரிட் பிறகு சேர்ந்தது. டக் ஸ்டீனின் கிரிட்பேக், ஜார்ஜ் ஹௌலெட்டின் பிஎல்டி டேபிள் இரண்டிலிருந்தும் எடுத்த யோசனை என்று டிகேயின் கையேட்டிலேயே குறிப்பு இருக்கிறது. பேக்கில் படிவம் போட முயன்றவர்கள் பட்ட பாடுதான் அதற்குக் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இடப்பக்கம் லேபிள், வலப்பக்கம் என்ட்ரி என்று ஆறு வரி போட்டுப் பாருங்கள், பேக்கில் ஒரு என்ட்ரியும் இன்னொன்றுக்கு நேராக நிற்காது.

எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்திலிருந்து. கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் நல்லது. என் வகுப்பில் முதல் பயிற்சி எப்போதும் நெல் கொள்முதல் பதிவுப் படிவம்தான். கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக்கிடந்த அனுபவம் எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இருப்பதால் என்னென்ன விவரம் கேட்பார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோட்டில் இப்படி வரைவோம்:

வரிசை 0: "விவசாயி பெயர்" லேபிள் | பெயர் எழுதும் என்ட்ரி, மூன்று பத்தி அகலத்துக்கு
வரிசை 1: "ஊர்" | என்ட்ரி | "சர்வே எண்" | என்ட்ரி
வரிசை 2: "ரகம்" | தேர்வுப் பெட்டி | "ஈரப்பதம் %" | என்ட்ரி
வரிசை 3: "மூட்டை" | என்ட்ரி | "மொத்த கிலோ" | தானாக வரும் எண்
வரிசை 4: "குறிப்பு" | பெரிய எழுத்துப் பெட்டி, மூன்று பத்தி அகலத்துக்கு
வரிசை 5: வலது ஓரத்தில் "சேமி", "அழி" பட்டன்கள்

ஆக, நான்கு பத்தி, ஆறு வரிசை. எண் 0-இலிருந்து தொடங்கும் என்பதால் கடைசிப் பத்தி 3. ரகம் என்ற பெட்டியில் ஆடுதுறை 43, சிஆர் 1009, பிபிடி 5204 என்று நிரப்பிக்கொள்ளலாம். மூட்டைக்கு 40 கிலோ என்று பெருக்கி மொத்தத்தைக் காட்டுங்கள். ஈரப்பதம் 17-ஐத் தாண்டினால் எண்ணைச் சிவப்பாக்குங்கள். பிள்ளைகளுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

காகிதத்தில் வரைந்த பிறகு குறிமுறை எழுதுவது வெறும் நகலெடுப்பு. வரையாமல் தொடங்குகிறவர் ஏழாவது விட்ஜெட்டில் எண் குழம்பி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு எப்படியும் நோட்டைத்தான் எடுப்பார்.

கட்டங்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்குமா?

இருக்காது. ஒரு பத்தியின் அகலம் அதிலுள்ள ஆக அகலமான விட்ஜெட்டைப் பொறுத்தது. ஒரு வரிசையின் உயரம் அதிலுள்ள ஆக உயரமானதைப் பொறுத்தது. திருந்திய நெல் சாகுபடியில் மார்க்கர் ஓட்டி 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று சதுரமாக நடுவார்கள் இல்லையா, அதுபோல ஒரே அளவாகப் பிரிப்பது ஜாவாவின் கிரிட்லேஅவுட். டிகின்டர் கிரிட் அப்படியல்ல. நம்மூர் வயல் மாதிரி. வரப்பு நேராக இருக்கும், ஆனால் ஒரு வயல் ஒன்றரை மா, பக்கத்து வயல் மூன்று மா.

இதனால் ஒரு தொல்லை உண்டு. பத்தி 0-இல் எங்கோ ஒரு லேபிளில் நீளமாக ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் அந்தப் பத்தி முழுவதும் அகலமாகி, மற்ற வரிசைகளின் என்ட்ரிகள் எல்லாம் வலப்பக்கம் தள்ளிப்போகும். "என் என்ட்ரி ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கிறது?" என்று கேட்டால், அதே பத்தியில் மேலும் கீழும் பாருங்கள். குற்றவாளி அங்கேதான் இருப்பார். அந்த லேபிளுக்குக் காலம்ஸ்பான் கொடுத்துப் பல பத்திகளில் படரவிட்டால் சரியாகிவிடும்.

வரிசை எண்ணில் இடைவெளி விடலாமா?

விடலாம். 0, 1, 5 என்று கொடுத்தால் நடுவில் மூன்று வெற்று வரிசைகள் தெரியும் என்று நினைப்பார்கள். தெரியாது. எதுவும் இல்லாத வரிசைக்கு உயரம் பூஜ்யம். இடைவெளி வேண்டுமென்றால் விட்ஜெட்டுக்கு மேலும் கீழும் இடம் விடும் பேட்ஒய் கொடுங்கள், அல்லது அந்த வரிசைக்கு ரோகான்ஃபிகரில் மின்சைஸ், அதாவது குறைந்தபட்ச உயரம் கொடுங்கள்.

இந்தக் குணத்தை நான் சாதகமாக எடுத்துக்கொள்வேன். பழைய பேசிக் நிரலில் 10, 20, 30 என்று வரி எண் போட்ட தலைமுறை நாங்கள். கடைக்காரர் "பெயருக்குக் கீழே செல்போன் நம்பரும் வேணும் தம்பி" என்று கட்டாயம் கேட்பார் என்று தெரிந்ததால் வரிசைகளை 10, 20, 30 என்றே எண்ணிடுவேன். செல்போனுக்கு 15. ஆனால் ரோஸ்பான் கொடுத்து ஒரு விட்ஜெட்டைப் பல வரிசைகளில் படரவிட்டிருக்கும் இடத்தில் கவனம் வேண்டும். 10-இலிருந்து 30 வரை படர வேண்டுமென்றால் ரோஸ்பான் 3 போதாது, 21 கொடுக்க வேண்டும்.

ஜன்னலைப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மேல் மூலையில் ஒண்டிக்கொள்கிறது. ஸ்டிக்கி போட்டும் அசையவில்லை. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். ஆறஅமரப் பார்ப்போம்.

இங்கே இரண்டு தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கட்டம் பெரிதாவது. இரண்டு, கட்டத்துக்குள் விட்ஜெட் எங்கே நிற்கிறது, எவ்வளவு நிரப்புகிறது என்பது. வெயிட் முதலாவதற்கு, ஸ்டிக்கி இரண்டாவதற்கு. வயல் பெரிதாவது வேறு, இருக்கிற வயலில் வரப்போரம் வரை நடுவது வேறு.

ஸ்டிக்கியில் நான்கு திசை: என் வடக்கு, எஸ் தெற்கு, ஈ கிழக்கு, டபிள்யூ மேற்கு. ஒன்றும் கொடுக்காவிட்டால் விட்ஜெட் கட்டத்தின் நடுவில் நிற்கும். டபிள்யூ கொடுத்தால் இடப்பக்கம் ஒட்டும். ஈயும் டபிள்யூவும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு கரையையும் தொடும்படி நீளும். இதெல்லாம் கட்டத்தின் எல்லைக்குள்தான். கட்டம் வளரவில்லை என்றால் நான்கு திசையையும் கொடுத்தாலும் ஒரு பிக்சல்கூட நகராது.

கட்டம் வளர, தாய் ஜன்னலிடம் காலம்கான்ஃபிகர் என்று கூப்பிட்டு, இந்தப் பத்திக்கு வெயிட் 1 என்று சொல்ல வேண்டும். வரிசைக்கு ரோகான்ஃபிகர். சொல்லாவிட்டால் வெயிட் 0; எல்லாமே 0 என்றால் மொத்தக் கட்டமும் வடமேற்கு மூலையில் ஒதுங்கிவிடும். நீங்கள் பார்த்தது அதுதான்.

அடுத்த குழப்பம், பத்தி 0-க்கு வெயிட் 1, பத்தி 1-க்கு வெயிட் 2 கொடுத்தால் இரண்டாவது சரியாக இரண்டு மடங்கு அகலம் ஆகும் என்று நினைப்பது. ஆகாது. வெயிட் பங்கு போடுவது மிச்சத்தை மட்டும்தான். கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சி வருவதுதான் கொள்ளிடத்தில் போகிறது. கிரிட்டும் முதலில் ஒவ்வொரு பத்திக்கும் அதன் தேவையைக் கொடுத்துவிடும். அப்புறம் மிஞ்சியதை வெயிட் விகிதத்தில் பிரிக்கும்.

கணக்காகவே பார்ப்போம். பத்தி 0-க்குத் தேவை 100 பிக்சல், பத்தி 1-க்கு 300. ஜன்னலை 600-க்கு இழுத்தாயிற்று. மிச்சம் 200.

வெயிட் இரண்டுக்கும் 1 என்றால் ஆளுக்கு 100: அகலம் 200, 400.
பத்தி 0-க்கு வெயிட் 3, பத்தி 1-க்கு 1 என்றால் 150, 50: அகலம் 250, 350.
பத்தி 0-க்கு வெயிட் 0, பத்தி 1-க்கு 1 என்றால் மிச்சம் முழுவதும் இரண்டாவதற்கு: 100, 500.

படிவத்துக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் சரி. லேபிள் பத்தி வளர்ந்து யாருக்கு என்ன லாபம்? என்ட்ரி பத்தி வளரட்டும். நம் கொள்முதல் படிவத்தில் பத்தி 1, 3 இரண்டுக்கும் வெயிட் 1, வரிசை 4 குறிப்புப் பெட்டிக்கு ரோகான்ஃபிகரில் வெயிட் 1, மற்றதெல்லாம் 0. கூடவே என்ட்ரிகளுக்கு ஸ்டிக்கி ஈ, டபிள்யூ. குறிப்புப் பெட்டிக்கு நான்கு திசையும்.

இல்லை, எனக்கு அகலமே சரியாக ஒன்றுக்கு இரண்டாக வேண்டும் என்றால் அந்தப் பத்திகளுக்கு யூனிஃபார்ம் என்ற விருப்பத்தில் ஒரே பெயரைக் கொடுங்கள். அப்போது மிச்சம் என்ற கணக்கு போய், மொத்த அகலமே வெயிட் விகிதத்தில் அமையும்.

இரண்டையும் சரியாகக் கொடுத்தேன். இன்னும் வளரவில்லையே?

உள்ளே ஃபிரேம், அதாவது விட்ஜெட்களைக் கூட்டி வைக்கும் பெட்டி இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் நடுவில் எங்கோ நிற்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும் இடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்கு ஒன்றும் வராது. ரூட் என்ற முதன்மை ஜன்னலின் வரிசை 0, பத்தி 0-க்கு வெயிட் கொடுக்க வேண்டும். ஃபிரேமை அதில் நான்கு திசை ஸ்டிக்கியோடு வைக்க வேண்டும். பிறகு ஃபிரேமிடமே மறுபடி காலம்கான்ஃபிகர் சொல்ல வேண்டும். ஃபிரேமுக்குள் ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படியிலும் இதே மூன்று வேலை. பெரும்பாலானவர்கள் ரூட்டுக்குச் சொல்ல மறந்திருப்பார்கள்.

கிரிட்டையும் பேக்கையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா?

ஒரே தாய்க்குள், அதாவது ஒரே ஜன்னலுக்கோ ஃபிரேமுக்கோ நேர் உள்ளே கூடாது. இப்போதைய டிகே, "இங்கே ஏற்கெனவே கிரிட் நிர்வாகம் செய்கிறது" என்ற பொருளில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். பழைய பதிப்புகளில் இரண்டும் மாறி மாறி அளவைத் திருத்திக்கொண்டே போய், நிரல் உறைந்துவிடும்.

வெவ்வேறு ஃபிரேமுக்குள் தாராளமாகச் சேர்க்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். "சேமி", "அழி" பட்டன்களை ஒரு ஃபிரேமில் போட்டுப் பேக்கில் அடுக்கி, அந்த ஃபிரேமை வரிசை 5-இல் கிரிட்டில் வைத்துவிடுவேன். பட்டன் அகலத்துக்காக மேலே உள்ள பத்திகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

"நன்டைப் என்பதற்கு கெட் இல்லை" என்று பிழை வருகிறது.

பெயர் = என்ட்ரி(ரூட்).கிரிட்(...) என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். கிரிட் எதையும் திருப்பித் தராது. அதனால் பெயர் என்ற மாறியில் நன், அதாவது ஒன்றுமில்லை என்ற மதிப்பு உட்கார்ந்துவிடும்; என்ட்ரியில் எழுதியதை எடுக்கும் கெட் அதற்கு இல்லை. முதல் வரியில் என்ட்ரியை உருவாக்கி மாறியில் வையுங்கள், அடுத்த வரியில் கிரிட்டைக் கூப்பிடுங்கள். திரையில் என்ட்ரி அழகாகத் தெரியும், "சேமி" அமுக்கும்போதுதான் குட்டு உடையும். அதனால்தான் இது ஒரு மணி நேரத்தை விழுங்குகிறது.

பிளேஸ் போட்டால் நினைத்த இடத்தில் அச்சாக நிற்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதன்முதலில் ஓர் உரக்கடைக்கு பில் திரை எழுதியபோது எல்லாமே பிளேஸ். என் மடிக்கணினித் திரை 1366-க்கு 768. "பில் போடு" பட்டனை இடமிருந்து 1150 பிக்சலில் வைத்திருந்தேன். கடையில் இருந்தது பழைய சதுரத் திரை, 1024-க்கு 768. கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினால் பட்டனையே காணோம். சம்பா நடவு நேரம், டிஏபி மூட்டைக்குக் கடை வாசலில் பதினைந்து பேர் நிற்கிறார்கள். கடைக்காரர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கல்லாவுக்குக் கீழேயிருந்து பழைய பில் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாளைச் சொருகினார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு முழுவதையும் கிரிட்டுக்கு மாற்றினேன். திரை அளவு மட்டுமல்ல, விண்டோஸில் எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே பிளேஸ் போட்ட லேபிள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கிரிட் எழுத்தின் அளவுக்கேற்பத் தானே விலகிக்கொடுக்கும்.

ஒரு விவரத்தைத் தேவைப்பட்டால் மட்டும் காட்டுவது எப்படி?

கிரிட்_ரிமூவ். உதாரணத்துக்கு, கொள்முதல் படிவத்தில் "குத்தகை நிலம்" என்று ஒரு டிக் பெட்டி. டிக் செய்தால் நில உரிமையாளர் பெயர் கேட்க வேண்டும், இல்லையென்றால் அந்த வரிசையே தெரியக் கூடாது. கிரிட்_ரிமூவ் விட்ஜெட்டை மறைக்கும், ஆனால் அது எந்த வரிசை, எந்தப் பத்தி, ஸ்டிக்கி என்ன என்பதை நினைவில் வைத்திருக்கும். மறுபடி வெறும் கிரிட் என்று கூப்பிட்டால் பழைய இடத்துக்கே வந்துவிடும். கிரிட்_ஃபர்கெட் பெயருக்கேற்ப எல்லாவற்றையும் மறந்துவிடும்; திரும்பக் கொண்டுவர எல்லா எண்ணையும் மறுபடி சொல்ல வேண்டும். வரிசை காலியானதும் உயரம் பூஜ்யமாகும் என்று முன்னே சொன்னேன் அல்லவா, அதனால் மறைத்த இடம் ஓட்டையாகத் தெரியாது.

தமிழ் லேபிள் வைத்தால் அளவு ஒத்துவரவில்லை.

என்ட்ரியின் வித் 20 என்றால் இருபது எழுத்து என்று கணக்கு, ஆனால் அளவுகோல் ஆங்கில எண் பூஜ்யத்தின் அகலம்தான். "கிருஷ்ணமூர்த்தி" என்று தமிழில் எழுதினால் அது விரைவில் நிரம்பிவிடும். ஆகவே வித் எண்ணை நம்பாமல் வெயிட், ஸ்டிக்கியை நம்புங்கள். நீளமான லேபிளுக்கு ராப்லெங்த் கொடுத்து இரண்டு வரியாக மடக்கலாம். அது எழுத்துக் கணக்கில் இல்லை, பிக்சலில்.

லினக்ஸில் இன்னொரு சங்கடம். டிகே 8.6 அங்கே தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை. "கொ" என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். விண்டோஸில் ஒழுங்காக வரும். இது கிரிட்டின் குற்றம் அல்ல, ஆனால் கேள்வி என்னிடம்தான் வருகிறது.

ட்ரீவியூவுக்குப் பக்கத்தில் ஸ்க்ரோல்பார்?

ட்ரீவியூ என்பது பட்டியல் காட்டும் விட்ஜெட். அது பத்தி 0, ஸ்டிக்கி நான்கு திசை. ஸ்க்ரோல்பார் பத்தி 1, ஸ்டிக்கி வடக்கு தெற்கு. பத்தி 0-க்கும் அந்த வரிசைக்கும் வெயிட் 1. ஸ்க்ரோல்பார் பத்திக்கு வெயிட் வேண்டாம். அவ்வளவுதான்.

கியூடி, ஜாவா, வலைப்பக்கம் இவற்றிலும் இதே கிரிட்தானா?

யோசனை ஒன்று, பெயர்கள் வேறு. கியூடி என்ற இன்னொரு திரைக் கருவித்தொகுப்பில் கியூகிரிட்லேஅவுட், வெயிட்டுக்குப் பதில் ஸ்ட்ரெட்ச் என்பார்கள். ஜாவாவில் டிகின்டர் கிரிட்டுக்கு நெருங்கிய உறவு கிரிட்பேக்லேஅவுட். ஸ்டிக்கியின் வேலையை அங்கே ஃபில், ஆங்கர் என்ற இரண்டு பேர் பிரித்துக்கொள்வார்கள். வலைப்பக்கத்தில் சிஎஸ்எஸ் கிரிட், பெரிய உலாவிகளில் 2017-இல் வந்தது. அங்கே எண்ணுவது கட்டத்தை அல்ல, கோட்டை; அதுவும் 1-இலிருந்து. டிகின்டரில் பழகியவர் முதல் நாள் அங்கே ஒவ்வொன்றையும் ஒரு கட்டம் தள்ளித்தான் வைப்பார்.

எங்கே தப்பு என்றே தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?

ஃபிரேம்களுக்கு நிறம் அடியுங்கள். ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்கு இளம்பச்சை, உள்ளே இருப்பதற்கு ரோஸ். ஜன்னலை இழுத்துப் பார்த்தால் எந்த ஃபிரேம் வளர்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். வளராத நிறத்தின் தாயிடம் வெயிட் இல்லை, அல்லது அந்த ஃபிரேமுக்கு ஸ்டிக்கி இல்லை என்று அர்த்தம். நிறம் வளர்ந்தும் உள்ளே இருக்கும் என்ட்ரி வளரவில்லை என்றால், அந்த ஃபிரேமின் வெயிட்டும் என்ட்ரியின் ஸ்டிக்கியும் பார்க்க வேண்டிய இடம். எத்தனை வரிசை பத்தி உருவாகியிருக்கிறது என்று அறிய கிரிட்_சைஸ், ஒரு விட்ஜெட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய கிரிட்_இன்ஃபோ. இரண்டு விட்ஜெட் ஒரே கட்டத்தில் போய் விழுந்திருந்தால் டிகின்டர் புகார் சொல்லாது, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிடும். மேலே இருப்பது மட்டும் தெரியும்.

சோதனை முடிந்ததும் நிறத்தை எடுத்துவிடுங்கள். ஒரு முறை நான் மறந்து, அதே உரக்கடையில் மஞ்சளும் பச்சையுமாகத் திரையைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் மாற்றப் போனபோது கடைக்காரர் விடவில்லை. "மஞ்சள்ல உரம், பச்சையில பூச்சி மருந்து. பையனுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன் தம்பி, இருக்கட்டும்" என்றார்.